கவுண்ட் ஆறு மில்லியன்: நேராக இக்ஸியா, முதலில் ஆபரேஷனா?

கேட்டவர் சித்தோடு பக்கம் இருப்பவர். வயது 33, மனைவிக்கு 28. கல்யாணமாகி நாலு வருஷம். சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிற வேலை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. இவருக்கு ஒரே ஒரு தடவை விந்துப் பரிசோதனை நடந்திருக்கிறது: அளவு 2 மி.லி., கவுண்ட் (ஒரு மி.லி.யில் விந்தணு எண்ணிக்கை) 6 மில்லியன், மொட்டிலிட்டி (நகர்பவை) 20 சதவீதம், மார்ஃபாலஜி (நல்ல வடிவம்) 2 சதவீதம், பஸ் செல்ஸ் (சீழ் அணு) 8-10. ஸ்கேனில் இடது பக்கம் வேரிகோசீல், அதாவது விரைச் சிரைகளின் புடைப்பு, என்று வந்திருக்கிறது. ஓர் இடத்தில் நேராக இக்ஸி (விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் வைக்கிற சிகிச்சை) செய்துவிடலாம் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் வேரிகோசீலுக்கு ஆபரேஷன் என்கிறார்கள். ஆறு மாதமாக ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, நடுவில் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், அப்புறம் மாமா வாங்கித் தந்த லேகியம். கொடுமுடிக் கோயிலுக்கும் போய் வந்தாயிற்று. எந்தப் பக்கம் போவது என்று கேட்கிறார்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் இல்லை. ஈரோட்டிலும் கோவையிலுமாக இருபத்தாறு வருஷம் லேப்பில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் விந்துப் பரிசோதனை மேஜையில்தான் போயிற்று. அதனால் என்ன செய்யுங்கள் என்று நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கிற எண் ஒவ்வொன்றும் எப்படி வருகிறது, எதை நம்பலாம், டாக்டரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு வரி இல்லை. எந்த டாக்டராவது உங்களை நிற்க வைத்துக் கையால் தொட்டுப் பார்த்தாரா என்கிற வரி. ஸ்கேன் எடுத்தவர் கருவியை வைத்துப் பார்த்தார், மற்ற எல்லோரும் காகிதத்தைப் பார்த்தார்கள். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. குழந்தை இல்லை என்று போனால் முதலில் மனைவியைத்தான் படுக்கையில் ஏற்றுவார்கள். மாதாமாதம் முட்டை வளர்ச்சி ஸ்கேன், ரத்தம், கர்ப்பக்குழாயில் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே எப்படி வலித்தது என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஆண் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அந்தப் பெண் ஐந்தாறு பரிசோதனை முடித்திருப்பார். இத்தனைக்கும் குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. ஐந்தில் ஒரு தம்பதிக்கு அது மட்டுமே காரணம். 'மலடி' என்ற சொல்லை நம் ஊர்த் திண்ணைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! 'மலடன்' என்று யாரும் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஒரே ஆளின் கவுண்ட் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று இரண்டு மூன்று மடங்கு வித்தியாசமாக வருவதை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு விந்தணு விரைக்குள் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அப்புறம் விரையின் மேல் சுருண்டு கிடக்கும் குழாயில் ஊறி, நீந்தக் கற்றுக்கொண்டு வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்றைக்கு டப்பாவில் விழுவது மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த உடம்பின் விளைச்சல். நடுவில் டெங்குவோ வேறு கடுமையான காய்ச்சலோ வந்திருந்தால் கவுண்ட் தரையைத் தொட்டிருக்கும். அந்தக் காய்ச்சல் போய் மறந்தே போயிருக்கும், கவுண்டில் மட்டும் அப்போதுதான் தெரியும்.

டப்பா எப்படி வந்தது என்பது அதைவிடப் பெரிய விஷயம். சென்னிமலையிலிருந்து ஒருவர் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். டப்பாவை பாலிதீன் பையில் கட்டி, அதைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டு, எவர்சில்வர் தூக்குப்போசியில் வைத்திருந்தார். கெட்டுப்போகக் கூடாதே என்று அவர் அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட நகரவில்லை. அதையே எழுதிக் கொடுத்திருந்தால் மொட்டிலிட்டி ஜீரோ என்று அவர் வாழ்க்கையே மாறியிருக்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னோம். மறுதடவை பாதி அணுக்கள் ஓடின.

இன்னொரு வகை, பாதி சிந்திப்போனதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். முதலில் வெளிவரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது தரையில் போய்விட்டால் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் நீர்தான். சிந்தினால் கவுண்டரில் சொல்லிவிடுங்கள், தலை போய்விடாது. சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக் கூடாது, அணுக்கள் செத்துவிடும். கடையில் வாங்குகிற ஆணுறையில் சேகரிப்பதும் ஆகாது.

இப்போது எண்கள். உலக சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதன் ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது. அதன்படி கீழ் எல்லை, ஒரு மி.லி.க்கு 16 மில்லியன், மொத்தமாக 39 மில்லியன், நகர்பவை 42 சதவீதம், நல்ல வடிவம் 4 சதவீதம். இந்த எல்லையை எப்படிப் போட்டார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. ஒரு வருஷத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களை எடுத்து, அவர்களை வரிசையாக நிற்க வைத்து, கடைசியில் நின்ற ஐந்து சதவீதத்துக்கு மேலே ஒரு கோடு கிழித்தார்கள். அதாவது கோட்டுக்குக் கீழே நின்றவர்களும் அப்பாக்கள்தான். கோட்டைத் தாண்டினால் பாஸ், கீழே நின்றால் ஃபெயில் என்று பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி அதைப் படிக்கக் கூடாது.

மார்ஃபாலஜி எண்தான் ஆண்களை அதிகம் பயமுறுத்துவது. 'ஏனுங்க, நாலு சதவீதந்தான் நல்லதுன்னா மிச்சமெல்லாம் ஊனமுங்களா? அதுல பொறக்கற கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிருங்களா?' என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஆகாது. இது சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஒவ்வொரு தலையையும் மிகக் கறாராக அளந்து போடும் எண். குழந்தை பெற்றவர்களுக்கே நூறில் தொண்ணூறுக்கு மேல் கோணல்மாணலாகத்தான் இருக்கும். தனியாக உங்கள் 2 சதவீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் போக வேண்டாம்.

பஸ் செல்ஸ் என்று எழுதியிருக்கிறதே, அதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சாதாரணமாகப் பார்க்கும்போது ஸ்லைடில் உருண்டையாக இருப்பதெல்லாம் சீழ் அணு மாதிரிதான் தெரியும். முதிராத விந்தணுக்களும் உருண்டைதான். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தனிச் சாயம் போட வேண்டும். பல லேப்களில் அதைப் போடுவதில்லை. உருண்டை எல்லாவற்றையும் சீழ் என்று எழுதிவிடுவார்கள். உடனே இரண்டு வார ஆன்டிபயாடிக். எரிச்சலோ வலியோ இல்லாத உங்களுக்கு அந்த மாத்திரை எதற்கு என்று யாராவது விளக்கினார்களா?

முக்கியமான எண் உங்கள் காகிதத்தில் எழுதப்படவே இல்லை. அதை நீங்களே போடலாம். அளவு 2 மி.லி., அதை 6 மில்லியனால் பெருக்கினால் 12. அதில் 20 சதவீதம் ஓடுகிறது என்றால் 2.4 மில்லியன். மொத்தத்தில் ஓடுகிற அணுக்கள் எத்தனை என்பதுதான் இந்தக் கணக்கு. சிகிச்சையைத் தீர்மானிக்கிறவர்கள் மனதுக்குள் இதைத்தான் போடுவார்கள். விந்தைக் கழுவி கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயுஐக்கு ஐந்து மில்லியனுக்கு மேல் இருந்தால் ஓரளவு நம்பிக்கை, பத்தை நெருங்கினால் இன்னும் நல்லது. இரண்டரையில் ஐயுஐ பலிப்பது அபூர்வம்.

ஆகவே இக்ஸி சொன்ன டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் எண்ணுக்கு இக்ஸி பொருந்துகிற சிகிச்சைதான். ஒரே ஓர் அணுவைப் பிடித்து, முட்டைக்குள் ஊசியால் நேரே வைத்துவிடுகிறார்கள். 1992இல் பிரசெல்ஸில் பலெர்மோ என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் இதில் முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள். அதற்கு முன்னால் உங்கள் எண்ணோடு வந்தவருக்குத் தானமாகக் கிடைத்த விந்து, இல்லையென்றால் தத்து என்றுதான் வழி. அந்த வகையில் அது பெரிய வரம். ஆனால் இக்ஸி உங்களுக்குச் செய்யும் வைத்தியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் குறை அப்படியே இருக்கும், அதைச் சுற்றிக்கொண்டு போகிற பாதை அது. அதற்கு ஊசி போட்டுக்கொள்வது, மயக்கத்தில் முட்டை எடுத்துக்கொள்வது எல்லாம் ஒரு குறையும் இல்லாத உங்கள் மனைவி. செலவு லட்சக்கணக்கில். முதல் தடவையிலேயே பலிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். ஆண்களின் இனப்பெருக்கச் சிக்கல்களில் பழக்கமுள்ள யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட் கையால் பார்க்கும்போது என்னென்ன தெரிகிறது என்றால், முதலில் விரையின் பருமன். சிறிதிலிருந்து பெரிதாகக் கோத்த மணிமாலை ஒன்று வைத்திருப்பார்கள், ஒவ்வொரு மணியிலும் இத்தனை மி.லி. என்று எண் போட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விந்தணு செய்கிற பகுதிதான் விரையின் பெரும்பங்கு, அதனால் விரை சிறுத்திருந்தால் உற்பத்தியே குறைவு என்று ஊகிக்கலாம். அடுத்தது விந்துக்குழாய். பழகிய விரலுக்கு அது கெட்டியான சணல் கயிறு மாதிரி தட்டுப்படும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கயிறு இருக்காது, ஸ்கேனில் தவறவிடுவதைக் கை கண்டுபிடிக்கும். அப்புறம் கட்டி. குழந்தைக்காக வந்த இடத்தில் விரையில் புற்றுநோய்க் கட்டி தட்டுப்பட்டு, சீக்கிரம் தெரிந்ததால் பிழைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். சிகிச்சைக்கு முன் அவர் உறைநிலையில் சேமித்து வைத்த மாதிரியை நான்தான் சிறு சிறு குழாய்களில் அடைத்தேன். விந்தில் குறை உள்ளவர்களிடம் அந்தப் புற்றுநோய் மற்றவர்களைவிடச் சற்று அதிகம் என்பது தெரிந்த விஷயம். வெறும் காகிதத்தைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

கடைசியாக வேரிகோசீல். இது விரையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகிற சிரைகள் புடைத்துக்கொள்வது. கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறதே, அது மாதிரி. பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். ஏனென்றால் இடது சிரை நேரே மேலேறி இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது, வலப்பக்கம் சாய்வாகப் பெரிய சிரையில் சேர்கிறது. முட்டுகிற பக்கத்தில் ரத்தம் தேங்குகிறது, தேங்கினால் சூடு. வலப்பக்கம் மட்டும் திடீரென்று வந்தால் வயிற்றுக்குள் வேறு ஏதாவது அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வேரிகோசீல் இருக்கிறது, அவர்களில் பலர் மூன்று குழந்தைக்கு அப்பா. குழந்தை இல்லை என்று வருகிற ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை தொங்குகிறது. நீங்கள் நின்றுகொண்டு மூச்சைப் பிடித்து முக்கும்போது கையில் தட்டுப்பட்டால் அது ஒன்றாம் கிரேடு. முக்காமலே தட்டுப்பட்டால் இரண்டு. தோலுக்கு மேலேயே, தறியில் சிக்கிக்கொண்ட நூல் உருண்டை மாதிரி கண்ணுக்குத் தெரிந்தால் மூன்று. இந்த மூன்றில் எதுவானாலும், கவுண்டும் குறைவாக இருந்தால், ஆபரேஷன் பற்றிப் பேசலாம். கையில் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வேரிகோசீலுக்கு ஆபரேஷன் செய்வதில் பயன் இல்லை என்பதில் உலகத்து வழிகாட்டி நெறிகள் ஒத்துப்போகின்றன. ஆகவே, 'ஆபரேஷனா இக்ஸியா' என்று கேட்பதற்கு முன்னால், 'கையில் தட்டுப்படுகிறதா' என்று கேளுங்கள்.

தட்டுப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள். இடுப்புமடிப்புக்குக் கீழே சிறு கீறலில், நுண்ணோக்கி வைத்து, சிரைகளை மட்டும் கட்டிவிட்டு, தமனியையும் நிணநீர்க் குழாயையும் விட்டுவிடுவது இன்றைக்குச் சிறந்த முறை. நிணநீர்க் குழாயையும் சேர்த்துக் கட்டிவிட்டால் விரைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும். நுண்ணோக்கியோடு செய்தால் நீர் கோப்பதும் வேரிகோசீல் திரும்ப வருவதும் அபூர்வம். செய்துகொண்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு விந்தின் எண்கள் ஏறுகின்றன. எண் ஏறினால் எல்லோருக்கும் குழந்தை என்று அர்த்தம் இல்லை, குழந்தை பிறப்பு எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் நான் மேஜையில் பார்த்தது ஒன்று உண்டு. இரண்டரை மில்லியன் எட்டு ஆகும்போது ஆள் இக்ஸி வரிசையிலிருந்து ஐயுஐ வரிசைக்கு நகர்கிறார். சிலர் மருத்துவமனைப் பக்கமே திரும்பாமல், ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

இதற்கு ஆகும் காலம் மூன்றிலிருந்து ஆறு மாதம், 74 நாள் கணக்கு மறுபடியும். உங்கள் மனைவிக்கு 28 வயது, முட்டை இருப்பும் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். அந்த ஆறு மாதத்தை உங்களால் செலவழிக்க முடியும். அவருக்கு 37 என்றால் இதே ரிப்போர்ட்டுக்கு நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். முட்டையின் வயது விந்துக்காகக் காத்திருக்காது.

அடுத்து உங்கள் வேலை. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே அவற்றுக்கு உடம்பைவிட இரண்டு முதல் நாலு டிகிரி குறைவான சூடு வேண்டும் என்பதால்தான். பாய்லர் முன்னால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கோவை ஃபவுண்டரியில் உலை முன்னால் நிற்பது, லாரி கேபினில் எஞ்சின் சூட்டில் நாள்கணக்கில் உட்காருவது, இவை எல்லாம் கணக்கில் வரும். பாய்லரை விட்டுவிடுங்கள் என்று சுலபமாக எழுதிவிடலாம், சோறு யார் போடுவது? மூன்று மாதத்துக்கு வேறு பிரிவில், மடிப்பிலோ பேக்கிங்கிலோ மாற்றித் தர முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். வெளியே கேட்கச் சங்கடமாக இருந்தால் முதுகுவலி என்று சொல்லுங்கள். இறுக்கமான ஜீன்ஸும் மடியில் லேப்டாப்பும் இதில் சின்ன விஷயம்தான்.

வேலையிடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு பழைய கதை. 1977இல் கலிஃபோர்னியாவில் டிபிசிபி என்ற மண் புழுக்கொல்லி தயாரித்த ஆலையில், யாருக்குமே கொஞ்ச நாளாகக் குழந்தை பிறக்கவில்லையே என்று தொழிலாளிகளே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பரிசோதித்தால் பலருக்குக் கவுண்ட் ஜீரோ, பலருக்கு மிகக் குறைவு. அவர்கள் பேசியதால்தான் வெளியே வந்தது. நம் பட்டறையில் நாலு பேருக்கு இதே பிரச்சினை இருந்தாலும் ஒருவருக்கொருவர் தெரியாது. நான் பார்த்தவரை, டீக்கடையில் தன் ரத்தச் சர்க்கரை அளவைச் சொல்கிற ஆண் இதை மட்டும் சொல்ல மாட்டான்.

கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போகிறவர்கள் மூன்று மாதம், நாலு மாதம் கழித்துத்தான் வீடு வருவார்கள். பத்து நாள் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒரு தம்பதி கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை என்று வந்தார்கள். கணக்குப் போட்டால் சேர்ந்து இருந்தது மொத்தம் ஏழெட்டு மாதம். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். இவர் வந்த பத்து நாளும் அந்த நாலைந்து நாளும் ஒத்துப்போயிருந்தால் அதிர்ஷ்டம். அவருக்குக் கவுண்ட் 50 மில்லியன். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தது மருந்து இல்லை, மனைவியின் நாள் கணக்கு.

மாத்திரைக்கு வருவோம். ஃபோலிக் ஆசிட்டும் ஜிங்க்கும் சேர்த்துக் கொடுத்தால் பயன் உண்டா என்று அமெரிக்காவில் 2370 தம்பதிகளை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2020இல் வந்தது. ஆறு மாதம் மாத்திரை தின்றவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தது 34 சதவீதம், வெறும் மாவு மாத்திரை தின்றவர்கள் வீட்டில் 35. வைட்டமின்களும் செலினியமும் கார்னிடினும் லைகோபீனும் கலந்த கூட்டு மாத்திரையை வைத்து அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்விலும் தேறவில்லை. நீங்கள் மாதாமாதம் அதற்குக் கொடுக்கிற பணத்தை யூராலஜிஸ்ட் ஃபீஸுக்கு எடுத்து வையுங்கள்.

மாமாவின் லேகியத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரிந்திருக்காது. பதிவு பெற்ற சித்த மருத்துவர் பெயர் சொல்லிக் கொடுக்கிற மருந்து வேறு. 'ஈரோட்டில் மாதம் முதல் தேதி, சேலத்தில் ஐந்தாம் தேதி' என்று லாட்ஜ் அறை எண்ணோடு விளம்பரம் செய்கிறவர்களின் பொட்டலம் வேறு. இந்த மாதிரி 'வீரிய' மூலிகைகள் பலவற்றைச் சோதித்தபோது உள்ளே சில்டினாஃபில், அதாவது வயாகராவில் இருக்கிற மருந்தின் தூள், இருந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் தெரியாமல் அதைத் தின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

இதைவிட மோசம் ஜிம் ஊசி. கோவையில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர், மலை மாதிரி ஆள், அவருடைய ஸ்லைடில் ஓர் அணுகூட இல்லை. உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருக்கிறார். ஆண் ஹார்மோன் போட்டால் ஆண்மை கூடத்தானே வேண்டும் என்று கேட்டார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், 'சரி, போதும்' என்று மூளை நினைத்துக்கொண்டு விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். கட்டளை நின்றால் விந்தணுத் தயாரிப்பும் நின்றுவிடும். இந்தக் காரணத்தால்தான் டெஸ்டோஸ்டிரோனை ஆணுக்கான கருத்தடை ஊசியாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. அவர் நிறுத்தினார், ஒன்பது மாதம் கழித்து 11 மில்லியன் வந்தது. சிலருக்கு இரண்டு வருஷம் ஆகும். குழந்தை வேண்டும் என்கிறவருக்கு 'பலம் குறைவு' என்று இந்த ஊசியை எழுதித் தந்த இடங்களும் உண்டு, அதனால் என்ன ஊசி என்று கேட்காமல் கையை நீட்டாதீர்கள்.

கவுண்ட் பத்துக்குக் கீழே இருக்கிற உங்களுக்கு ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். (மூளையடிச் சுரப்பி விரைக்கு அனுப்பும் கட்டளை ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் பார்க்க வேண்டும், காலையில் எடுத்த ரத்தத்தில். இரண்டுமே மிகக் குறைவு என்றால் கோளாறு மூளையடிச் சுரப்பியிலோ அதற்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியிலோ இருக்கும். ஆண் மலட்டுத்தன்மையில் மருந்தாலேயே நன்றாகத் தேறுகிறவர்கள் இவர்கள்தான், ஹெச்.சி.ஜி., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் ஊசிகளை மாதக்கணக்கில் போட்டால் ஜீரோவிலிருந்துகூட அணுக்கள் வரும். அடுத்த பரிசோதனையில் கவுண்ட் ஐந்துக்குக் கீழே போனால் குரோமோசோம் பரிசோதனையும் கேட்பார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் 'நில்', அதாவது அணுவே இல்லை, என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள் இருந்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரியைச் சுழற்றி, அடியில் படிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நில் என்று எழுதினார்களா என்று கேளுங்கள். அதிலும் இல்லையென்றால், வழி அடைத்ததா, உற்பத்தியே இல்லையா என்பது அடுத்த கேள்வி. அடைப்பு என்றால் உள்ளே இருக்கிற அணுவை ஊசியிலேயே எடுத்துவிடலாம். உற்பத்திக் குறை என்றால் மைக்ரோ டீசீ என்ற ஆபரேஷன் இருக்கிறது. நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் 1999இல் வெளியிட்ட முறை. விரையைத் திறந்து, நுண்ணோக்கியில் கொஞ்சம் பருத்துத் தெரிகிற நுண்குழல்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது. அதற்கு முன் ஒய் குரோமோசோம் பரிசோதனை அவசியம். அதில் ஏ அல்லது பி என்ற பகுதி முழுதாக இல்லாதவருக்குத் தேடிப் பயனில்லை, வெட்ட வேண்டாம். சி பகுதி மட்டும் இல்லாதவருக்குக் கிடைக்கலாம், ஆனால் பிறப்பது மகனாக இருந்தால் அவனுக்கும் இதே குறை போகும்.

அந்த எடுத்த துணுக்குகளில் அணுவைத் தேடுவது என் மாதிரி ஆட்களின் வேலை. ஐந்து மணி நேரம் கண்ணை எடுக்காமல் ஒரு வாலைத் தேடியிருக்கிறேன். 2025இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், விந்து மாதிரியைக் கேமராவால் லட்சக்கணக்கான படங்களாக எடுத்து, செயற்கை நுண்ணறிவை வைத்து ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு அணுக்களைப் பிரித்தெடுத்து, பல வருஷம் காத்திருந்த ஒரு தம்பதிக்குக் கர்ப்பம் உண்டாக்கியிருக்கிறார்கள். படித்தபோது என் கண்வலி ஞாபகம் வந்தது. விரைத் திசுவைத் தட்டில் வளர்த்து விந்தணு உண்டாக்குவதை ஜப்பானில் ஒகாவா குழு 2011இல் எலியில் செய்துகாட்டியது. மனிதனுக்கு அது சிகிச்சையாக இன்னும் வரவில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டு அணு வரவைக்கிறோம் என்று இன்றைக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு மறுபடி வருகிறேன். இந்த வாரம் மாத்திரை, லேகியம் இரண்டையும் நிறுத்திவிட்டு, ஆண் மலட்டுத்தன்மை பார்க்கிற யூராலஜிஸ்ட்டிடம் நேரம் வாங்குங்கள். பணம் இடித்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யூராலஜி துறை இருக்கிறது. மனைவியைக் கூட்டிப் போங்கள், ஆனால் இந்தத் தடவை நீங்கள் படுக்கையில் ஏறுங்கள். கையில் தட்டுப்படுகிறதா, எந்தக் கிரேடு, நுண்ணோக்கி வைத்துச் செய்வீர்களா, வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், இந்த நாலையும் கேளுங்கள்.

அதற்கு முன் இன்னொரு தடவை விந்துப் பரிசோதனை. இரண்டு நாளுக்குக் குறையாமல் ஏழு நாளுக்கு மேற்படாமல் இடைவெளி விட்டுப் போங்கள். முடிந்தால் லேப்பிலேயே கொடுங்கள். அந்தச் சின்ன அறையில், வெளியே நர்ஸ் பெயர் கூப்பிடுகிற சத்தத்தில், முடியாமல் போவது சகஜம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, வாரத்துக்கு இரண்டு பேராவது வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பார்கள். வீட்டில் எடுப்பதானால் எடுத்த நேரத்தை டப்பாவில் எழுதுங்கள். சித்தோட்டிலிருந்து ஈரோடு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டப்பாவைச் சட்டையின் உள்பையில், உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பைக் டேங்க் கவரில் வேண்டாம், வெயிலில் வெந்துவிடும். தூக்குப்போசியும் வேண்டாம்.